ராத்திரியில் பிள்ளைக்குக் கால் வலியா? காலையில் நடையைப் பாருங்கள்

ராஜபாளையம் வட்டாரத்தில் நைட்டி என்று சொன்னால் அடுத்த வார்த்தை தளவாய்புரம்தான். தெருவுக்குத் தெரு தையல் மிஷின் சத்தம் கேட்கிற ஊர். தைத்துக் கொடுக்கிற உருப்படிக்குத்தான் பெரும்பாலும் கூலி. ஒரு நாள் மிஷினில் உட்காரவில்லை என்றால் அந்த நாள் கூலி போச்சு. இப்படிப்பட்ட வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா, கால் வலிக்குதும்மா" என்று அழுதால், அம்மாவுக்கு இரண்டு கவலை. பிள்ளையின் கால் ஒன்று, நாளைக்கு வேலைக்குப் போவதா ஆஸ்பத்திரிக்குப் போவதா என்பது இன்னொன்று.

தைலம் தேய்த்து, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டால் அரை மணி நேரத்தில் பிள்ளை தூங்கிவிடுகிறது. விடிந்ததும் ஒன்றுமே நடக்காதது போலத் தெருவில் ஓடுகிறது. மூன்று நாள் கழித்து மறுபடியும் அதே அழுகை. "நரம்பு இழுக்குது", "சத்து பத்தலை", "எலும்பு வளருது", "கண்ணு பட்டுருச்சு" என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஒருவர் சொன்னார் என்று கால்சியம் டானிக், இன்னொருவர் சொன்னார் என்று சுளுக்கு எடுப்பவர், கடைசியில் தனியாரிடம் ஒரு ஸ்கேன். செலவு ஆயிரங்களில் போகும். வலி மட்டும் அதன் போக்கில் வந்து போய்க்கொண்டிருக்கும்.

பிள்ளைகளுக்கு ராத்திரியில் வருகிற கால் வலியில் பெரும்பகுதி ஆபத்தில்லாதது, வீட்டிலேயே சமாளிக்கக்கூடியது. ஆனால் அதே கால் வலி சில பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத நோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. மறுநாள் காலையில் பிள்ளை எழுந்து எப்படி நடக்கிறது என்று கவனிப்பதுதான் அது. அதற்குக் காசு செலவில்லை.

பிடிப்பு வேறு, உளைச்சல் வேறு

"கால் வலி" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது பெரும்பாலும் இரண்டு வேறு விஷயங்கள்.

முதலாவது குரக்குவலி. நம்ம பக்கம் "நரம்பு சுண்டி இழுக்குது" என்பார்கள். உண்மையில் இழுப்பது நரம்பு அல்ல, தசை. கெண்டைக்கால் சதை திடீரென்று சுருங்கி இறுகிக்கொள்கிறது. தொட்டுப் பார்த்தால் கல்லு மாதிரி இருக்கும், பாதம் கீழ்நோக்கி வளைந்து நிற்கும். பிள்ளை வீல் என்று கத்தும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே விட்டுவிடும். மறுநாள் அந்த இடத்தில் லேசான வலி மிச்சம் இருக்கலாம். கனடாவின் கால்கரி நகர மருத்துவர்கள் 3 முதல் 18 வயது வரையுள்ள 2,527 பிள்ளைகளிடம் இதைப் பற்றி விசாரித்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்கு இந்தப் பிடிப்பு வந்திருந்தது. எட்டு வயதுக்குக் கீழே ஒருவருக்கும் இல்லை. பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் எண்ணிக்கை ஏறுகிறது. பெரும்பாலும் ஒரு காலில்தான் வருகிறது, அதிலும் பெரும்பாலும் ராத்திரியில். ஆகவே நாலு வயதுப் பிள்ளை "கால் வலிக்குது" என்று அழுதால் அது குரக்குவலியாக இருக்க வாய்ப்பு குறைவு.

அந்த வயதில் வருவது இரண்டாவது வகை. மருத்துவர்கள் "வளர்ச்சி வலி" என்கிறார்கள். நம் வீடுகளில் "கால் உளையுது", "கால் கடுக்குது" என்று சொல்வது இதைத்தான். மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் வரும். சாயங்காலமோ ராத்திரியோ வரும். இரண்டு காலிலும் இருக்கும், அல்லது இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு மறு கால் என்று மாறும். தொடையின் முன்பக்கம், கெண்டைக்கால், முழங்காலுக்குப் பின்னால் என்று சதைப் பகுதியில் வலிக்குமே தவிர மூட்டில் வலிக்காது. வீக்கமோ சிவப்போ இருக்காது. பிடித்துவிட்டால் பிள்ளைக்கு இதமாக இருக்கும், "இன்னும் அமுக்கு" என்று காலை நீட்டும். இது நல்ல அடையாளம். எலும்பிலோ மூட்டிலோ கிருமித் தொற்றோ முறிவோ இருந்தால் பிள்ளை தொடவே விடாது.

"வளர்ச்சி வலி" என்ற கருத்து 1823-ல் மார்செல் டுஷாம் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியதிலிருந்து வருகிறது. பெயர் நிலைத்துவிட்டது, காரணம் நிலைக்கவில்லை. பிள்ளைகள் வேகமாக வளர்வது பிறந்த முதல் வருடத்திலும், பிறகு பருவ வயதிலும். இந்த வலியோ இரண்டுக்கும் நடுவில் வருகிறது. அதனால் "எலும்பு வளருது, அதான்" என்று பாட்டி சொல்வது ஆறுதலுக்கு நல்லது, காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பகலில் ஓடியாடிய தசைகளின் களைப்பு, வலியைச் சீக்கிரம் உணரும் உடல்வாகு, சில பிள்ளைகளிடம் வைட்டமின் டி குறைவு எல்லாம் இதில் சேர்கின்றன. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வருவது சகஜம். தெற்கு ஆஸ்திரேலியாவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்து 2004-ல் வெளியான ஆய்வில் 36.9 சதவீதம் பேருக்கு இது இருந்தது. மூன்றில் ஒரு பிள்ளைக்கு மேல். உங்கள் பிள்ளைக்கு மட்டும் வந்த நோய் இல்லை.

பிள்ளை நடிக்கிறது, பள்ளிக்கூடம் போகாமல் இருக்கப் பொய் சொல்கிறது என்று அதட்டுகிறவர்களும் உண்டு. ராத்திரி அழுத பிள்ளை காலையில் ஓடுவதால் அப்படித் தோன்றும். வலி நிஜம். காலையில் போய்விடுவதுதான் இந்த வலியின் குணம்.

வலிக்கிற நேரத்தில்

சதை பிடித்து இழுக்கிறது என்றால் முதல் வேலை அந்தச் சதையை நீட்டுவது. பிள்ளையைப் படுக்கவைத்து முழங்காலை நேராக வையுங்கள். ஒரு கையால் குதிகாலைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து, விரல்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும்படி மெதுவாக மேலே தள்ளுங்கள். அரை நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பெரிய பிள்ளையாக இருந்தால் எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்தச் சொன்னாலே போதும். இறுக்கம் விட்ட பிறகு கையால் நீவிவிடலாம், வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். தைலம் அவரவர் விருப்பம். வேலை செய்வது பெரும்பாலும் கைதான்.

உளைச்சலுக்கும் இதே ஒத்தடமும் அமுக்கிவிடுவதும்தான். வலி அதிகமாக இருக்கிற ராத்திரியில் மட்டும் பாராசிட்டமால் சிரப் கொடுக்கலாம். இதில் ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லியில் ஏறத்தாழ 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பாட்டில் ஒரே மாதிரி இருக்கும். போன தடவை கொடுத்த அதே மூடி அளவை இந்தத் தடவை வேறு பாட்டிலில் ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டு அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் போடுகிற வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடாது.

அடிக்கடி வருகிற பிள்ளைகளுக்குத் தூங்கும் முன் ஐந்து நிமிடத் தசைப் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாய வேண்டும். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். இருபது எண்ணிவிட்டுக் காலை மாற்றலாம். அடுத்து நின்றபடி ஒரு பாதத்தைப் பின்னால் மடக்கிப் பிடித்தால் தொடை இழுபடும். 1988-ல் கனடாவில் 36 பிள்ளைகளை வைத்து நடந்த சோதனையில், பெற்றோர் காலையும் மாலையும் இப்படிப் பயிற்சி கொடுத்த பிள்ளைகளுக்கு, கொடுக்காத பிள்ளைகளைவிட வெகு சீக்கிரம் வலி குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் செலவும் இல்லை, பக்க விளைவும் இல்லை.

வெயிலும் சாப்பாடும்

மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்திலேயே இருந்தாலும் பங்குனி, சித்திரையில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி எப்படிக் காயும் என்று சொல்லத் தேவையில்லை. விடுமுறையில் காலையிலிருந்து மத்தியானம் வரை கிரிக்கெட் ஆடிவிட்டு வருகிற பையனுக்குச் சாயங்காலம் கால் பிடித்துக்கொண்டால், வியர்வையில் தண்ணீரும் உப்பும் போயிருக்கிறது என்று அர்த்தம். உப்புப் போட்ட மோர், நீராகாரம், எலுமிச்சைச் சாறு எல்லாமே நல்லது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ சேர்ந்திருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் பொட்டலம் இலவசம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் தூவிக் கொடுத்தால் அளவு கெட்டுப் பிள்ளைக்குக் கெடுதல் ஆகலாம். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. பழச்சாறு மாதிரி அட்டைப் பெட்டியில் வருகிற இனிப்பு பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் இல்லாத பானங்களின் பெயரில் அந்த மூன்று எழுத்தைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டிருக்கிறது.

இன்னொரு பக்கம், வெயிலே படாத பிள்ளைகள். பள்ளிக்கூடம், டியூஷன், பிறகு செல்போன். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் வைட்டமின் டி குறைவா என்று ஆச்சரியப்படுவார்கள். தோலில் வெயில் பட்டால்தான் அது உண்டாகும், ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆகாது. இந்தக் குறைவு அதிகமானால் எலும்பு மெலிந்து கால் வளையும். நடக்கப் பழகிய பிள்ளைக்கு முழங்கால்கள் வெளிப்பக்கமாக வளைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால்சியத்துக்கு டானிக்கைவிடக் கேழ்வரகு நல்லது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் 120 அளவில்தான். கூழோ புட்டோ முருங்கைக்கீரை அடையோ, பிள்ளை எதைச் சாப்பிடுகிறதோ அது. "பால்கோவா பால்தானே?" என்று கேட்பவர்களும் நம் பக்கம் உண்டு. பால்தான், கூடவே சர்க்கரையும் நிறைய. மருந்துக்கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

வைட்டமின் டி மருந்து பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் 60,000 யூனிட் என்று ஒரு பொட்டலம் கிடைக்கிறது. மருத்துவர் எழுதினால்கூட வழக்கமாக வாரத்துக்கு ஒன்று என்றுதான், அதுவும் சில வாரங்களுக்குத்தான் எழுதுவார். சத்து மாவு என்று நினைத்துத் தினமும் பாலில் கலந்து கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ராத்திரி படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருப்பது, "காலுக்குள்ள என்னமோ பண்ணுது" என்பது சில பிள்ளைகளிடம் இரும்புச்சத்துக் குறைவால் வருகிறது. பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற இரும்புச்சத்து மாத்திரையை (பத்து வயதுக்குக் கீழே இளஞ்சிவப்பு, அதற்கு மேல் நீலம்) பிள்ளை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறதா, விழுங்குகிறதா என்று கேளுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கிற குடற்புழு மாத்திரையும் அப்படித்தான். சாப்பாட்டோடு டீ கொடுக்கிற பழக்கத்தை நிறுத்தினால் சாப்பிடுகிற கீரையின் இரும்பு கொஞ்சமாவது உடம்பில் ஒட்டும்.

காலையில் நடை சரியில்லை என்றால்

மேலே சொன்னதெல்லாம் காலையில் பிள்ளை சாதாரணமாக நடக்கிற வீடுகளுக்கு. விடிந்த பிறகும் நொண்டி நடந்தால், நடக்க மாட்டேன் என்றால், எப்போதும் அதே காலில் அதே இடத்தில் வலி என்றால், வீட்டு வைத்தியம் அத்தோடு நிற்க வேண்டும்.

சளிக் காய்ச்சல் விட்டு ஓரிரு நாளில் திடீரென்று இரண்டு கெண்டைக்காலும் வலித்து, நுனிக்காலில் நடப்பதோ நடக்கவே மறுப்பதோ உண்டு. வைரஸ் காய்ச்சலால் வருகிற தசை அழற்சி இது. பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனால் உடனே மருத்துவமனை. காய்ச்சலோடு ஒரு இடுப்பையோ முழங்காலையோ அசைக்கவிடாமல் அழுதால் அது மூட்டில் சீழ் பிடிப்பதாக இருக்கலாம். அதில் மணிக்கணக்குதான், நாள்கணக்கு கிடையாது. தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு மூட்டு வீங்கி, அது குறையும்போது இன்னொன்று வீங்கினால் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் இதய வால்வைக் கெடுக்கும் நோய் அது.

கால் வலியோடு பிள்ளை வெளுத்துப்போகிறது, எடை குறைகிறது, அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்பு வருகிறது, காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை தேவை. பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் சில நேரம் எலும்பு வலியாகத்தான் முதலில் தலைகாட்டும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இது அரிது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பும் அதிகம்.

ஆண் பிள்ளைகளிடம் இன்னொன்று. மூன்று, நான்கு வயதில் கெண்டைக்கால் மட்டும் நல்லா கொழுகொழுவென்று பெருத்திருக்கும். "பயில்வான் கால்" என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். ஆனால் பையன் அடிக்கடி விழுவான், படி ஏறத் திணறுவான், தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி எழுவான். இது பரம்பரைத் தசைச் சிதைவு நோயின் அறிகுறி. உடனே காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரம், வலியோடோ வலியில்லாமலோ கால் திடீரென்று தொய்ந்துபோவது. நேற்று ஓடிய பிள்ளை இன்று நிற்க முடியாமல் சரிகிறது என்றால் 108-ஐ அழையுங்கள். பலவீனம் மேலே ஏறி மூச்சுத் தசையைப் பிடிக்கும் நோய்கள் இருக்கின்றன. இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 15 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் இப்படித் தொய்வு வந்தால் அதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்து, மல மாதிரி எடுத்துப் போலியோ இல்லை என்று உறுதிசெய்வார்கள். 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டதுதான் இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ. 2014 மார்ச் 27-ல் சான்றிதழும் கிடைத்தது. அதற்குப் பிறகும் இந்தக் கண்காணிப்பு நிற்கவில்லை. ஆகவே "எதுக்கு இதெல்லாம் கேக்குறாங்க" என்று சங்கடப்பட வேண்டாம்.

மேலே சொன்ன எந்த அறிகுறி இருந்தாலும் சுளுக்கு எடுப்பவரிடம் போகாதீர்கள். வீங்கிய மூட்டை உருவிவிடுவதும், தொய்ந்த காலுக்கு இடுப்பில் ஊசி போடச் சொல்வதும் உள்ள நோயைக் கூட்டிவிடும்.

எங்கே காட்டுவது

சாதாரண ராத்திரி வலிக்கு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம் போதும். பெரும்பாலும் மருத்துவர் கேள்வி கேட்டு, காலைத் தொட்டுப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுவார். எக்ஸ்ரே எழுதவில்லை என்றால் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம், தேவையில்லை என்பதால்தான் எழுதவில்லை. மேல்சிகிச்சை வேண்டியிருந்தால் ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்கோ, 2022-ல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதித் தருவார். ராத்திரி நேரத்தில் போவதா, விடியட்டுமா என்று குழப்பமாக இருந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

கூலியை விட முடியாத பெற்றோருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வருடத்துக்கு ஒரு முறையும் அங்கன்வாடிக்கு இரண்டு முறையும் வருகிறது. குழு வருகிற நாளை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, "என் பிள்ளைக்குக் கால் வலி, கொஞ்சம் பாருங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பலாம். அவர்கள் சந்தேகப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். ஆனால் முன் பகுதியில் சொன்ன ஆபத்து அறிகுறிகளுக்கு இந்தக் குழுவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

போகும்போது இரண்டு விஷயம் கையில் இருந்தால் மருத்துவருக்கு வேலை சுலபம். எந்தெந்த ராத்திரி வலித்தது, எந்தக் கால், எவ்வளவு நேரம் என்று காலண்டரில் குறித்தது ஒன்று. பிள்ளை காலையில் எழுந்ததும் நடப்பதைச் செல்போனில் எடுத்த வீடியோ இன்னொன்று, முன்பக்கமிருந்தும் பின்பக்கமிருந்தும் பத்துப் பத்து விநாடி. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் பயத்தில் நன்றாக நடந்துவிடுவார்கள். ஏற்கெனவே கொடுத்த டானிக், மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் அட்டையோடும் பாட்டிலோடும் எடுத்துப் போங்கள்.